காற்று இலவசம், பேட்டரி தனி

பாய்மரப் படகுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தால், காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை என்று பெருமையாகத் தொடங்குவார். அடுத்த மூச்சில் தன் மின்மோட்டாரின் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

ஜெர்மனியின் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் பெட்ரோல் எஞ்சினுக்கு அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. மின்மோட்டார் செய்யும் டார்கீடோ நிறுவனம் 2005-இல் பிறந்ததும் அந்த ஏரிக்கரை ஊரில்தான். தடை இருக்கும் இடத்தில்தானே கடை!

அதன் டிராவல் 1103 மோட்டாரின் பேட்டரி 915 வாட்-மணி கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதோ ஏறக்குறைய 9,000. ஆக, முழு பேட்டரியும் சேர்ந்து ஒரு டம்ளர் பெட்ரோலுக்குக் காணாது. எஞ்சின் அதில் முக்கால்வாசியைச் சூடாக்கியே வீணடிக்கும் என்பது மோட்டார்காரருக்கு ஆறுதல். மோட்டாரை முழு வீச்சில் முடுக்கினால் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், தேவைப்படும் திறன் சுமார் எட்டில் ஒன்றுதான். அவசரத்துக்கு என்று வாங்கிய மோட்டார், அவசரப்படாதவருக்கு மட்டுமே உழைக்கிறது.

கைப்பிடியில் உள்ள சின்னத் திரை, இன்னும் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே வரும். எதிர்க்காற்று கிளம்பினால் அந்த எண் மளமளவென்று இறங்கும். கரை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பாயைப் பார்க்க வேண்டிய கண், சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பெரிய மாடல்கள் சிலவற்றில் இன்னொரு வித்தை: பாய் விரித்து ஓடும்போது புரொப்பெல்லர் தானே சுழன்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். காற்று பிய்த்து வாங்கும் நாளில், அதாவது மோட்டாரே வேண்டாத நாளில், பேட்டரி நிறையும். காற்று செத்த நாளில் ஒரு சொட்டும் ஏறாது. வசதி உள்ளவனுக்கே கடன் கொடுக்கும் வங்கி, தண்ணீரிலும் ஒரு கிளை திறந்திருக்கிறது.