சொகுசுக் கப்பல் சாப்பாட்டுக் கூடங்களில் மிகைத்தட்டு கேட்டலும் கேளாமையும்: ஒரு பன்முக நோக்கு

மிகைத்தட்டு எனப்படுவது யாதெனின், ஒருவர் தமக்குரிய ஸ்டார்ட்டர், மெயின் கோர்ஸ், இனிப்பு ஆகிய மூன்றும் வருவதற்கு முன்போ, வந்த பின்போ, வந்துகொண்டிருக்கும்போதோ, அவற்றில் இன்னொன்றையும் வெயிட்டரிடம் கேட்டுப் பெறுவதாம். தனியாகக் காசு கொடுத்து வாங்கினால் அது மிகைத்தட்டு ஆகாது, வெறும் சாப்பாடு. டிக்கெட்டிலேயே சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டியாயிற்று என்ற நிலையில்தான் மிகைத்தட்டு பிறக்கும். ஆகவே இதன் இயற்கையான வாழிடம் சொகுசுக் கப்பலின் பிரதான சாப்பாட்டுக் கூடம். மேல்தளத்து பஃபே இதில் அடங்காது. பஃபேயில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்காத இடத்தில் கூச்சம் இல்லை. கூச்சம் இல்லாத இடத்தில் ஆய்வுக்கு வேலையும் இல்லை.

களத்தின் பரப்பு பெரிது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ராயல் கரீபியனின் ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ கப்பலில் அறைக்கு இருவர் என்று கொண்டாலே 5,610 பயணிகள். நெருக்கி ஏற்றினால் சுமார் 7,600 பேர். ஊழியர்கள் 2,350 பேர். சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் உப்பு என்று ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பட்டம் கொடுத்து முடித்துவிட்ட நம் தமிழ்த் துறைகள் இதைத் தொடாமல் விட்டது வியப்பே.

எந்த ஆய்வேட்டுக்கும் ‘தோற்றமும் வளர்ச்சியும்’ என்றொரு இயல் வேண்டும் என்பது மரபு. யாரும் படிப்பதில்லை என்பதும் மரபு. எனவே சுருக்கமாக: 1840-இல் ஓடத் தொடங்கிய கூனார்ட் நிறுவனத்தின் ‘பிரிட்டானியா’ கப்பலில், பாலுக்காக ஒரு பசுவையும் ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். அங்கே இரண்டாவது டம்ளர் பால் கிடைப்பது வெயிட்டரின் கையில் இல்லை. 1905-இல் ஜெர்மானியக் கப்பலான ‘அமெரிக்கா’வில், வேண்டியதைச் சொல்லித் தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் ரிட்ஸ் பாணி உணவகம் வந்தது. ‘டைட்டானிக்’ கப்பலில் அத்தகைய உணவகத்தை நடத்தியவர் லூயிஜி கட்டி. முதல் வகுப்புப் பயணி ஒருவர் கப்பலின் பொதுச் சாப்பாட்டுக் கூடத்தையே எட்டிப் பார்க்காமல், எல்லா வேளையும் கட்டியின் உணவகத்தில் சாப்பிட்டால், டிக்கெட் பணத்தில் கொஞ்சம் கழித்துத் தந்தார்கள். அதாவது கேளாமைக்கும் அன்று ஒரு விலை இருந்தது. 1912 ஏப்ரல் 14 இரவு அதே கப்பலின் முதல் வகுப்பு விருந்து சிப்பியில் தொடங்கிப் பத்துச் சுற்று வரை போயிற்று. மிகைத்தட்டு கேட்டவர் எவரும் இருந்ததாகச் சான்று இல்லை. சுற்றுகளை முடிப்பதே பெரும்பாடாக இருந்திருக்கும்.

இவ்வியலின் அறிஞர்கள் இரு சாரார். சன்னல் இல்லாத மலிவு அறையில் பயணம் செய்தோர் உள்ளறை மரபினர். கடல் பார்த்த அறை எடுத்தோர் பால்கனி மரபினர். கட்டிய பணத்தை உண்டே மீட்க வேண்டும் என்பது உள்ளறை மரபு. கூடுதலாகக் கேட்பது நாகரிகம் ஆகாது என்பது பால்கனி மரபு. ஆனால் அவர்களும் கேட்பார்கள், சன்னமான குரலில்.

மிகைத்தட்டு ஐந்து வகைப்படும். நான்கு என்பாரும் உளர்.

முதலாவது மறதி வகை: சொன்னதை மறந்து திரும்பச் சொல்வது. இதில் ஆய்வதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது சோதனை வகை. மெனு அட்டையில் நத்தை என்று கண்டதும், வாழ்நாளில் ஒரு முறை என்று ஒருவர் அதைக் கேட்பார். ஒருவேளை பிடிக்காவிட்டால் என்று கூடவே சூப்பும் சொல்லிவைப்பார். ஆறு குழி போட்ட சிறு தட்டில் பூண்டு வெண்ணெய் கொதிக்கக் கொதிக்க நத்தை வரும். கார்னிவல் நிறுவனத்தின் கப்பல்களில் தவளைக்கால் போன்றவற்றுக்கு மெனுவில் தனிப் பகுதியே ஒதுக்கியிருந்தார்கள். சோதனை வகையில் பாதிக்கு மேல் புகைப்படத்தோடு முடிந்துவிடும் என்பது உள்ளறை மரபினரின் துணிபு.

மூன்றாவது ஏவாமல் வருவது. ஒரு பயணி இரண்டு பண்டங்களுக்கிடையே விரலை மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தால், வெயிட்டர் இரண்டையும் கொண்டுவந்து வைத்துவிடுவார். கேட்காமலே வந்ததைக் கேட்டதாகக் கொள்ளலாமா என்ற வினா எழுகிறது. எழுந்தது அப்படியே நிற்கட்டும்.

நான்காவது மீட்பு வகை. டிக்கெட் விலையை ஏழு இரவால் வகுத்து, வந்ததை மூன்று வேளையால் வகுத்து, கையில் பேனா இல்லாமலே மாட்டிறைச்சித் துண்டுகளின் எண்ணிக்கையாக மாற்றிவிடும் கணித வல்லுநர்கள் இவ்வகையினர்.

ஐந்தாவது பதிலி வகை. இங்கேதான் இத்துறை தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது.

வழக்கமாக ஏழு இரவுப் பயணத்தில் ஏதாவது ஓர் இரவு சிங்கி இறால் வரும். எல்லோரும் லாப்ஸ்டர் என்றே சொல்வார்கள். வால் பகுதி மட்டும்தான். ராயல் கரீபியன் ஒரு கட்டத்தில், ஆளுக்கு ஒன்று இலவசம், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16.99 டாலர் என்று விதித்தது. அன்றிலிருந்து, லாப்ஸ்டர் சாப்பிடாத வாழ்க்கைத்துணைக்குக் கிராக்கி ஏறிவிட்டது. சுத்த சைவம் என்றால் இன்னும் விசேஷம்.

கரீபியன் கடலில், இரண்டாம் அமர்வில், சென்னைத் தம்பதி ஒன்றைப் பார்க்கலாம். கணவர் மெனு அட்டைக்குப் பின்னால் தலையைத் தாழ்த்தி, “நீயும் லாப்ஸ்டர்னு சொல்லு” என்கிறார். “ஏங்க, நான் அதைத் தொடக்கூட மாட்டேனே.” “தொட வேண்டாம். சொன்னா போதும்.” அம்மையார் சொல்கிறார், கூடவே காய்கறிக் குருமாவும் கேட்கிறார். வெயிட்டர் கோவாக்காரர், பல ஆண்டு அனுபவஸ்தர். முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் எழுதிக்கொள்கிறார். சற்று நேரத்தில் அம்மையாரின் முன்னால் தட்டு வருகிறது. வெயிட்டர் ஒரு கையிலேயே முள்கரண்டியையும் ஸ்பூனையும் இடுக்கிபோலப் பிடித்து, ஓட்டுக்குள் செலுத்தி, சதையை ஒரே இழுப்பில் வெளியே எடுத்து ஓட்டின் மேல் கிடத்துகிறார். உருக்கிய வெண்ணெயை ஊற்றுகிறார். அம்மையார் நாற்காலியை ஓரங்குலம் பின்னுக்கு நகர்த்துகிறார். வெயிட்டர் அடுத்த மேசைக்குத் திரும்பியதும், தட்டு மேசை விரிப்பின் மேல் ஓசையில்லாமல் இடம்பெயர்கிறது.

இப்போது இந்த இரண்டாவது லாப்ஸ்டர் யாருடைய மிகைத்தட்டு? அம்மையார் கேட்டது ஒன்றே. அது அவருக்கு உரியது. அவர் அதைத் தானமாகக் கொடுத்தார். எனவே மிகை எங்கும் நிகழவில்லை என்பர் உள்ளறை மரபினர். கேட்டது வாய் மட்டுமே, வயிறு வேறொருவருடையது, ஆகவே மிகை அவரையே சாரும் என்பர் பால்கனி மரபினர். மேசையின் நடுக்கோட்டைத் தட்டு கடக்கும் அந்தக் கணத்தில்தான் மிகை தோன்றுகிறது என்று மூன்றாவது சாரார் புகுந்தனர். வட்ட மேசைக்கு நடுக்கோடு ஏது என்று ஒருவர் கேட்டதோடு அந்தச் சாரார் கலைந்தனர். கடைசி அமர்வு முடிந்து மேசை துடைக்கையில் கிடைத்த ஒரு மெனு அட்டைதான் இதற்கு மூலச் சான்று என்றும், அதில் லாப்ஸ்டருக்கு எதிரே உள்ள வட்டம் பேனாவால் இட்டதா, வெண்ணெய்க் கறையா என்பதைப் பொறுத்தே முடிவு அமையும் என்றும் ஒரு பதிப்பாசிரியர் வாதிட்டார். அவருக்கு மறுப்பாக எழுதப்பட்டு, அச்சேறாமல் போன கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்று இன்றுவரை எல்லோராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. காட்டியவர்களில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. இப்பழக்கம் கப்பல் ஆய்வுக்கு மட்டும் உரியதன்று.

2022-இன் இறுதியில் கார்னிவல் நிறுவனம் துறையின் அடித்தளத்தையே ஆட்டிவிட்டது. இரவுச் சாப்பாட்டில் ஒருவருக்கு இரண்டு மெயின் கோர்ஸ் வரை இலவசம். மூன்றாவதிலிருந்து தட்டுக்கு 5 டாலர். சாப்பாடு வீணாவதைக் குறைக்கவே என்று காரணம் சொன்னது. காசு கொடுத்தால் மிகைத்தட்டு ஆகாது என்ற முதல் வரையறையின்படி, உலகின் எல்லா மூன்றாம் தட்டுகளும் ஒரே இரவில் ஆய்வு வரம்பைவிட்டு வெளியேறின. இந்த இடத்தில் மிக நுட்பமாக ஒன்றைக் குறிப்பிட வேண்டும்: ஆய்விதழ்க் கட்டுரைகளில் மூன்றாவதாகச் சேரும் பெயருக்கு, அந்தப் பெயருக்குரியவர் துறைத் தலைவராக இருக்கும் பட்சத்தில், யாரும் 5 டாலர் கேட்பதில்லை.

விலை வைத்தால் கேட்பது குறையுமா? இதற்கு நிஜமான ஆய்வு ஒன்று உண்டு. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில், மாலையில் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்துப் பார்த்தார்கள் உரி கினீசியும் ஆல்டோ ருஸ்திகினியும். 2000-இல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, அபராதம் வந்ததும் தாமதம் கூடிற்று. அபராதத்தை நீக்கிய பிறகும் குறையவில்லை. அதுவரை ஆயாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டவர்கள், இப்போது கூடுதல் நேரத்தை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். கப்பலிலும் இதுவே நடக்கும் என்று கருத இடமுண்டு. மூன்றாவது ஸ்டேக்கைக் கேட்க முன்பு தொண்டையைச் செருமிய மனிதர், இப்போது அறைச் சாவியாகவும் பற்று அட்டையாகவும் இருக்கும் அந்த அட்டையை நிமிர்ந்த தலையோடு நீட்டுகிறார்.

கூடுதலாகச் சாப்பிடுவதை ஆராய்ந்தவர்களில் புகழ் மிக்கவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க். குழாய் வழியே அடியிலிருந்து தானாக நிரம்பிக்கொண்டே இருக்கும் சூப்புக் கிண்ணம் அவர் கண்டுபிடிப்பு; அதற்காக 2007-இல் இக் நோபல் பரிசும் பெற்றார். இத்தாலிய பஃபே ஒன்றில் சிலரிடம் பாதிக் காசு வாங்கி பீட்ஸா தின்னவிட்டுத் தகவல் திரட்டினார். எதிர்பார்த்த முடிவு வரவில்லை. சும்மா விடுவானேன் என்று, வருகை ஆய்வாளர் ஒருவரிடம் அதே தகவலைக் கொடுத்து, எதையாவது தேடியெடுக்கச் சொன்னார், கட்டுரைகள் வெளிவந்தன. இந்தச் சாதனையை 2016 நவம்பரில் அவரே பெருமையாக எழுதியும் விட்டார். விமரிசகர்கள் மூவர் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தபோது, நான்கு பீட்ஸாக் கட்டுரைகளில் சுமார் 150 முரண்கள் அகப்பட்டன. 2018 செப்டம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ்கள் அவருடைய ஆறு கட்டுரைகளை ஒரே நாளில் திரும்பப் பெற்றன. ஆய்வு நெறி மீறல் நடந்தது என்று கார்னெல் அறிவித்தது. அவர் பதவி விலகினார். ஒரே தகவலிலிருந்து நான்கு கட்டுரை எடுத்தவரையும், ஒரே டிக்கெட்டில் நான்கு ஸ்டேக் எடுத்தவரையும் ஒப்பிட்டால், ஸ்டேக்காரர் குறைந்தபட்சம் தாம் எடுத்ததைத் தின்றார்.

தின்னாதவை எங்கே போகின்றன? அதற்குச் சர்வதேசச் சட்டம் உண்டு. கப்பல்கள் கடலை மாசுபடுத்துவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின் ஐந்தாம் இணைப்பின்படி, கரீபியன், மத்திய தரைக்கடல் போன்ற சிறப்புப் பகுதிகளில் மிச்ச உணவைக் கடலில் விட வேண்டுமானால், 25 மில்லிமீட்டர் துளைக்குள் புகும்படி அரைத்திருக்க வேண்டும். கரையிலிருந்து குறைந்தது 12 கடல்மைல் தள்ளியிருக்க வேண்டும். ஆர்வத்தில் கேட்டு ஒரு கடியோடு ஒதுக்கிய தவளைக்காலுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது. இதில் விளையாட்டுக்கு இடமில்லை. பஹாமாஸ் கடல்பகுதியில் பிளாஸ்டிக் கலந்த உணவுக் கழிவைக் கொட்டியது உள்ளிட்ட, நீதிமன்ற நன்னடத்தைக் காலத்து விதிமீறல்களுக்காக 2019-இல் கார்னிவல் கார்ப்பரேஷன் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. தட்டுக்கு 5 டாலர் வீதம் 40 லட்சம் மூன்றாம் தட்டுகள் விற்றால் அந்தத் தொகை வந்துவிடும். உள்ளறை மரபினர் இக்கணக்கைக் கண்டதும் கண்ணீர் மல்கினர் என்ப.

தமிழ்நாட்டுக் கரைக்கும் இவ்வியலில் பங்குண்டு. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிய கார்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல், 1990-இல் ராயல் கரீபியனுக்காக ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்டது. அதே கப்பலில் இப்போது ஜைனச் சாப்பாடும் கிடைக்கிறது. வெங்காயமும் பூண்டும் இல்லாத கறியை இரண்டாம் முறை கேட்பவர் ஐந்து வகையில் எவ்வகை என்பது முனைவர் பட்டத்துக்கு ஏற்ற தலைப்பு. நெறியாளர்தான் கிடைக்க வேண்டும்.

எஞ்சியது இனிப்பு. கார்னிவலின் 5 டாலர் விதி மெயின் கோர்ஸுக்கு மட்டுமே. ஸ்டார்ட்டருக்கும் இனிப்புக்கும் எத்தனை கேட்டாலும் காசில்லை. அந்த நிறுவனத்தின் பேர்போன பண்டம், சிறு கிண்ணத்தில் சுடச்சுட வரும் சாக்லேட் மெல்ட்டிங் கேக். மேலே மெல்லிய ஓடு, உள்ளே கரண்டி பட்டால் பொங்கும் குழம்பு, பக்கத்தில் வெனிலா ஐஸ்கிரீம். ஒவ்வோர் இரவும் கிடைக்கும். ஓர் இரவில் மூன்று கேட்டாலும் வெயிட்டர் புருவத்தை உயர்த்துவதில்லை, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பதில்லை, விதியில் இடைவெளி இல்லை, மெனு அட்டையில் கறை இல்லை, இரு மரபினருக்கும் கருத்து வேறுபாடும் இல்லை. எனவே இதைப் பற்றி இதுவரை எவரும் ஒரு வரிகூட எழுதவில்லை.