உதட்டுக்கு ஸ்பேர் கிடையாது

ஆரணியில் பட்டுத் தறிக்கும் ட்ரம்பெட்டுக்கும் முதலாளி ஒருவர்தான்: பஞ்சாங்கம். தை பிறந்தால் முகூர்த்தம் வரும். முகூர்த்தம் வந்தால் சேலைக்கு ஆர்டர் வரும். அதன் பின்னாலேயே பேண்டு செட்டுக்கு அட்வான்ஸும் வரும். எங்கள் வீட்டில் இரண்டு தொழிலும் உண்டு. அப்பா தறியில் உட்காருகிறார். நான் பகலில் அவருக்கு ஒத்தாசை, ராத்திரியில் மாப்பிள்ளை அழைப்புக்கு ட்ரம்பெட். அப்பா நெய்த சேலையைக் கட்டிய பெண்ணின் கல்யாணத்திலேயே நானும் ஊதினால் எவ்வளவு பொருத்தம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "சேலையாவது நிக்கும்" என்றார்.

ட்ரம்பெட்டில் சத்தம் போடுவது பித்தளை என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பித்தளைக்கு ஒரு எழவும் தெரியாது. மவுத்பீஸுக்குள் இரண்டு உதடும் ஒன்றோடொன்று அடித்துக்கொள்வதுதான் அத்தனை சத்தத்துக்கும் ஆரம்பம். குழாய் அதைப் பெரிதாக்கி, மெருகேற்றி, பெயரைத் தட்டிக்கொண்டு போகிறது. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்றைப் பிடித்தால், உதடு நொடிக்கு 440 தடவை திறந்து மூடுகிறது. இதையும் அப்பாவிடம் சொன்னேன். "நொடிக்கா? அப்ப கூலியையும் நொடிக் கணக்குல கேளு" என்றார்.

நாயனக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுக்கு அதிர்வது சீவாளி. நாணலில் செய்தது. ஒன்று பிளந்தால் இன்னொன்றைச் செருகலாம்; அதற்காகவே நாலைந்தைக் கயிற்றில் கட்டி வாத்தியத்திலேயே தொங்கவிட்டிருப்பார்கள். எங்களுக்கு உதடுதான் சீவாளி. அதற்கு ஸ்பேர் கிடையாது, ஆரணிக் கடைத்தெருவில் மட்டுமல்ல, மெட்ராஸிலும் கிடைக்காது. கிளாரினெட்டும் சாக்ஸபோனும் நாணல் வைத்த ஜாதிதான். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டையும் கத்ரி கோபால்நாத் சாக்ஸபோனையும் கச்சேரி மேடையில் ஏற்றிவிட்டார்கள். ட்ரம்பெட் மட்டும் இன்னும் மாப்பிள்ளை கார் முன்னால் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று வால்வில் கமகம் பிடிப்பது கஷ்டம் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். இருக்கலாம். மூன்று மணி நேரக் கச்சேரியை நினைத்த மாத்திரத்தில் உதடுகள் கூட்டாக ராஜினாமா கொடுத்திருக்கும் என்பது என் கட்சி.

உடம்பில் மற்ற இடத்துத் தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பி உண்டு, வியர்வைச் சுரப்பி உண்டு. சிவந்த உதட்டுக்கு வியர்வை கிடையாது, எண்ணெய்ப் பசையும் அநேகமாகக் கிடையாது, தோலும் மெல்லிசு. தை, மாசிப் பனியில் அதுதான் முதலில் காயும். காய்ந்தால் நாக்கு தானாகப் போய் நனைக்கும். நனைத்த எச்சில் ஆவியாகும்போது உதட்டில் இருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். சோற்றைச் செரிக்க வைத்த எச்சில், உதட்டிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொள்ளுமா?

எங்கள் ஆயாவின் வைத்தியம் வெண்ணெய். அது கேட்காவிட்டால், படுக்கும்போது தொப்புளில் எண்ணெய். தொப்புளுக்கும் உதட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "நீ ஊதறது அடிவயித்துலேர்ந்துதானே?" என்பாள். பதில் சொல்ல முடியாத தர்க்கம்.

வெண்ணெய்க்கு எதிரி வீட்டுக்குள்ளேயே இருந்தார். பாவில் எண்ணெய்க் கை பட்டால் பட்டு கறைபடும். அந்தச் சேலையை முதலாளி திருப்பிப் போட்டுவிடுவார். அதற்காகக் கையைக் காயவிடவும் கூடாது. சொரசொரத்த தோல் பட்டு இழையைப் பிடித்து இழுக்கும். ஆகவே அப்பா தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்ளும் அக்கறையை சினிமா நடிகைகள் முகத்துக்குக்கூடக் காட்டுவார்களா தெரியாது. அப்படிப்பட்டவர் என் உதட்டைப் பார்த்துப் போட்ட சட்டம்: "வாயில வெண்ண வச்சிக்கினு தறிகிட்ட வராத." நான் சட்டத்தை மதிப்பவன். உடம்பு வணங்காத நாட்களில் காலையிலேயே ஒரு விரல் வெண்ணெய் அதிகமாக எடுத்துத் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். அம்மா வெண்ணெய்க் கிண்ணத்தை இடம் மாற்றிய அன்றைக்குத்தான் உதடு தேறிற்று.

வாசலின் பரவாயில்லை. 1872இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய அமெரிக்கர் ராபர்ட் செஸ்ப்ரோ தினமும் ஒரு ஸ்பூன் தின்பதாகச் சொல்லிக்கொண்டு 96 வயது வரை இருந்தார். ஆயா கேட்டிருந்தால் தொப்புளையும் விசாரித்திருப்பாள். ராத்திரியில் தடவலாம், ஊதப் போகுமுன் தடவினால் மவுத்பீஸ் வழுக்கிக்கொண்டு மூக்குப் பக்கம் போகும்.

உதட்டால் பட்ட பாட்டில் எங்கள் குலதெய்வம் லூயி ஆம்ஸ்ட்ராங். மேல் ஸ்தாயியில் ஊதி ஊதி உதடு கிழிந்து, தழும்பேறி, 1930களில் ட்ரம்பெட்டைக் கொஞ்ச காலம் கீழே வைக்கும்படி ஆயிற்று. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஃபிரான்ஸ் ஷூரிட்ஸ் என்பவர் தயாரித்த களிம்பைத் தடவிவந்தார். பிறகு அந்தக் களிம்பே ஆம்ஸ்ட்ராங் பெயரில் விற்றது. வாயைச் சுற்றியிருக்கும் வட்டத் தசை கிழிவதற்கு 1982இல் ஒரு டாக்டர், ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரான சாட்ச்மோவையே வைத்துவிட்டார். நோய்க்குப் பெயர் கொடுக்கிற அளவுக்கு வாசித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர்!

களிம்பெல்லாம் தோலுக்குத்தான். தசைக்கு வேண்டியது ஓய்வு. எங்கள் மாஸ்டர் சொல்லும் மந்திரம் ஒன்று: "கையால ஊதாதடா, காத்தால ஊது." உதடு சோர்ந்தால் மேல் ஸ்வரம் வராது, உடனே கை மவுத்பீஸை முகத்தோடு அழுத்தும், அழுத்தினால் ரத்தம் ஓடாது, உதடு மரத்துப்போகும், மரத்தால் இன்னும் அழுத்தச் சொல்லும். இதற்கு மாஸ்டர் கண்டுபிடித்த தந்திரம், பல்லவியை எங்களுக்குக் கொடுத்துவிட்டு சரணத்தைக் கிளாரினெட்டிடம் தள்ளுவது. அந்த நேரத்தில் வால்வைத் தட்டிக்கொண்டு வாசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வதும் ஒரு கலை.

ஊர்வலம் இதற்கு ஒத்துழைத்தால்தானே. முனைக்கு முனை மாப்பிள்ளையின் நண்பர்கள் காரை மறிப்பார்கள். ராஜா பாட்டு, அப்புறம் குத்துப் பாட்டு, அப்புறம் அதே குத்துப் பாட்டு. எதிரே ஒரு வாண்டு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சப்பும். வாயில் ஊறும் எச்சிலோடு ஊதினால் ட்ரம்பெட் கொப்பளிக்கும். இந்தக் கலை பாடப் புத்தகத்தில் இல்லை. ஆனாலும் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தால், இலையில் முதலில் விழுவது மாங்காய் ஊறுகாய். வெடித்த உதட்டில் அது பட்ட மாத்திரத்தில் வரும் ஸ்வரத்தை இதுவரை நான் வாத்தியத்தில் எட்டியதில்லை. வெற்றிலை போடலாம் என்றால் சுண்ணாம்பு காத்துக்கொண்டிருக்கிறது.

ஆடியில் கல்யாணம் இல்லை. படவேட்டுக்கு ஆடி வெள்ளிக்குப் போகிற கூட்டம் அம்மனைக் கும்பிடப் போகிறது. நான் போவது உதடு ஆறிய நன்றிக்கு. அந்த மாதத்தில்தான் மவுத்பீஸ் வட்டம் முகத்திலிருந்து கொஞ்சம் மங்கும். பெண் பார்க்கவும் அதுதான் சமயம் என்று அம்மா கணக்குப் போட்டு, போன ஆடியில் ஜாதகத்தை வெளியே எடுத்தாள். பெண் வீட்டுப் பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பிக்கு சிகரெட் பழக்கமா? உதடு கறுத்திருக்கே."

"ட்ரம்பெட்டுங்க" என்றேன்.

அவர் அப்பா பக்கம் திரும்பினார். "அப்ப கல்யாணத்துக்கு பேண்டு செலவு?"

"மாப்பிள்ளையே ஊதிடுவான்" என்றார் அப்பா. "நீங்க ஊறுகாய் மட்டும் வைக்காம இருந்தா போதும்."