பரண் சாமான்களின் பிரபு

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உட்டோபியா பார்க்வே என்றொரு தெரு. பெயரை நம்பி யாரும் குடியேறிவிட வேண்டாம், சாதாரண மரவீடுகள்தான். 1929 முதல் அங்கே தாயோடும் நோயாளித் தம்பியோடும் வாழ்ந்தவர் ஜோசப் கார்னெல். துணி விற்பனையாளர், கலையை முறையாகப் பயின்றதே இல்லை. ஆகவே கலைஞரானார்.

பழைய புத்தகக் கடை, மலிவுச் சாமான் கடை என்று அலைந்து கண்டதையெல்லாம் வாங்கி வந்தார். களிமண் புகைக்குழாய், பொம்மைத் தலை, முட்டை வைத்த கண்ணாடிக் கோப்பை, நிலவின் வரைபடம். இவற்றை ஒரு பெட்டிக்குள் அடுக்கினார். 1936இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. பரணில் கிடந்தால் அடைசல். கண்ணாடி போட்டு மூடினால் கலை.

மற்றக் கலைஞர்களுக்கு மது, காதல், பாரிஸ். இவருக்கு இனிப்புப் பண்டம். மலிவு உணவகத்தில் அதைத் தின்றபடி, போவோர் வருவோரைப் பார்த்துக் கையில் கிடைத்த தாளில் குறிப்பெழுதுவார். அமெரிக்காவை விட்டு வெளியே போனதே இல்லை. பெட்டிகளில் மட்டும் ஐரோப்பிய ஓட்டல் விளம்பரங்களை ஒட்டிவைத்தார்.

1972இல் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் குழந்தைகளுக்கென்றே அவருடைய கண்காட்சி ஒன்று. பெட்டிகள் குழந்தைகளின் கண்மட்டத்துக்குத் தொங்கின; உபசரிப்பு, பிரௌனியும் செர்ரி கோலாவும். கலை ரசிகப் பெருமக்கள் ஒருவழியாகக் குனிந்தார்கள்.