முதுகில் ஒரு மைதானம்

ஹாக்கி மட்டை 105 சென்டிமீட்டர் நீளத்தையும் 737 கிராம் எடையையும் தாண்டக்கூடாது என்பது சர்வதேச விதி. அதைச் சுமக்கும் பைக்குத்தான் எந்த விதியும் கிடையாது. அதனால் கடைக்காரர் லேப்டாப்புக்கு ஓர் அறை, செல்போனுக்கு ஓர் அறை, கூலிங்கிளாஸுக்கு மெத்தை வைத்த ஓர் அறை என்று திறந்து திறந்து காட்டுகிறார். மட்டை எங்கே என்று கேட்டால், பக்கவாட்டு வாரை இழுத்து, "இதுல மாட்டிக்கோங்க தம்பி" என்கிறார்.

மாட்டலாம். அப்படியே கோவில்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். திரும்பிய பக்கமெல்லாம் யாராவது ஃபவுல் கேட்பார்கள். ஊரே ஹாக்கி தெரிந்த ஊர். விதி பேசித் தப்ப முடியாது. கண்டக்டரிடம் பச்சை, மஞ்சள் அட்டையெல்லாம் இல்லை, நேராகச் சிவப்புதான்.

ஆகவே மட்டை முழுதாக உள்ளே போய் ஜிப் மூடுகிறதா, தோள்வார் அகலமா, ஈர ஷூவுக்குத் தனி அறை உண்டா என்று பாருங்கள். ஷின்கார்டோடு ஒரே அறையில் இருந்த எலுமிச்சை சாதத்தைத் தெருநாய்கூட யோசித்துத்தான் தின்னும்.

கோல்கீப்பருக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம். பேடு, கிக்கர், ஹெல்மெட், மார்புக்கவசம் எல்லாம் கொள்ள அவருக்குத் தேவை பையல்ல, குட்டி யானை.