ரிப்பனுக்கு உயிர்

கேள்வி: காய்ந்துபோன டாட் மேட்ரிக்ஸ் ரிப்பனில் ரப்பர் ஸ்டாம்ப் மையை ஊற்றினால் உயிர் வருமா?

பதில்: ரிப்பனுக்கு வரும், பிரிண்டருக்குப் போகும்!

எழுத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்தும் 9 அல்லது 24 ஊசிகள் அடங்கிய அச்சுத்தலைக்கு, நைலான் நாடாவில் ஊறியிருக்கும் எண்ணெய் மையே மசகாகவும் அமைவதால், நீரையோ கிளிசரினையோ அடிப்படையாகக் கொண்ட ஸ்டாம்ப் மை அந்த ஊசிகளைச் சிக்கவைத்துவிடக் கூடும்; ஆகவே டாட் மேட்ரிக்ஸுக்கென்றே விற்கப்படும் மையில் சில சொட்டுகளை மட்டும் இட்டு, அது நாடா முழுவதும் பரவும்வரை ஓரிரவு விட்டுவைப்பதே முறை. நாடாவின் துணி பிசிறு விட்டிருந்தால், அந்த இழையில் மாட்டி ஊசியே ஒடியக்கூடும் என்பதால், அதற்கு மை ஊற்றுவது வீண். புது ரிப்பனை வாங்கி வைப்பவர்கள், எண்ணெய் உலராதபடி, காற்றுப் புகாத உறையைப் பிரிக்காமல், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.