எஃப்சிக்கு மட்டும்

என் குட்டி யானை லோடு வண்டிக்கு எஃப்சி, அதாவது தகுதிச் சான்றிதழ், எடுத்துவிட்டு வந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அந்த நேரம் பார்த்து அரியலூரிலிருந்து மச்சான் மகன் போன் பண்ணுகிறான். "மாமா, வீட்லயே ஒரு ஜைரோபிளேன் கட்டப் போறேன். பறக்கத் தகுதியானதுன்னு சர்டிபிகேட் வாங்கணுமாம். உங்களுக்குத்தான் எஃப்சி அனுபவம் இருக்கே, எப்படி வாங்குறது?"

வெங்காய மூட்டை ஏற்றுகிறவனிடம் விமானத்துக்கு வழி கேட்கிறான். கேட்டுவிட்டான், சொல்கிறேன். அதற்கு முன்னால் எஃப்சியில் நடந்த ஒளிரும் ஸ்டிக்கர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கத்தில் மஞ்சள். எல்லாம் ஒட்டித்தான் இருந்தது. "ஓரம் உரிஞ்சிருக்கே" என்றார் ஆய்வாளர். செட்டிகுளம் வெயிலில் மனுஷன் தோலே உரிகிறது, ஸ்டிக்கர் உரியாதா? பின்கதவைத் திறந்ததும் தொட்டியில் கிடந்த வெங்காயச் சருகு பறந்து அவர் சட்டையில் போய் ஒட்டியது. அது மட்டும் உரியவே இல்லை. எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள். எட்டு வருஷம் தாண்டிய வண்டி, அடுத்த வருஷமும் அங்கேதான் போயாக வேண்டும்.

இத்தனைக்கும் நான் எஃப்சிக்கு மட்டும் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்திருந்தேன். டயர், சித்தப்பா மகன் வண்டியுடையது. வைப்பர், எதிர் வீட்டுக்காரருடையது. முதலுதவிப் பெட்டி மளிகைக் கடைக்காரருடையது. உள்ளே இருக்கும் டிஞ்சர் பாட்டில் வற்றிப் பல காலம் ஆகிறது. ஏர் ஹார்ன் அன்றைக்கு மட்டும் மாமியார் வீட்டுக்குப் போய்விடும். காக்கிச் சட்டைகூட இரவல்தான், கழுத்துப் பட்டன் போட்டால் மூச்சு முட்டும். தீயணைப்பான் கதை தனி. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தீயணைப்பான்தான் இருக்கிறது என்பது என் நெடுநாள் சந்தேகம். நான் கேட்டபோது அது ஜெயங்கொண்டத்தில் ஒரு வேனில் இருந்தது. அங்கிருந்து செந்துறை போய், சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றுக்கு எஃப்சி வாங்கிக் கொடுத்துவிட்டு, குன்னம் வழியாக பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் என்னிடம் வந்தது. வாங்கி வைக்கும்போதே வேப்பந்தட்டைக்காரர் வாசலில் நிற்கிறார். அது போகாத ஊர் இல்லை, அணைத்த தீதான் இல்லை.

சாயங்காலம் எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். மொட்டை டயரோடு என் பழைய வண்டி வாசலில் நிற்கும். அப்படியானால் சான்றிதழ் எந்த வண்டிக்குக் கிடைத்தது? அந்த வண்டி அன்று காலை மட்டும் உலகத்தில் இருந்தது. இதை யாரும் கேட்பதில்லை. ஓரம் உரிந்ததைத்தான் கேட்பார்கள்.

சரி, ஜைரோபிளேன். இந்த வித்தை அதில் நடக்காது. அதன் எஞ்சின் முன்னால் தள்ளும் விசிறியை மட்டும் சுற்றும். தலைக்கு மேலே இருக்கும் பெரிய சுழலியைப் பறக்கும்போது சுற்றுவது வெறும் காற்று. எஞ்சின் நின்றாலும் சுழன்றபடியே இறங்கிவிடலாம் என்பதுதான் இதன் பெருமை. 1923இல் இதைப் பறக்கவிட்டுக் காட்டிய ஸ்பெயின்காரர் ஹுவான் டி லா சியர்வா, 1936இல் லண்டன் குராய்டனில் சாதாரணப் பயணிகள் விமானத்தில் பயணியாக ஏறி, அது விழுந்து இறந்துபோனார். விதியை என்ன சொல்வது? அந்தச் சுழலியை எந்தச் சித்தப்பா மகனிடம் இரவல் வாங்க முடியும்?

சென்னையில் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் கொடுத்துவைத்தவர். சிம்ப்சன் கம்பெனியில் விமானம் கட்டி, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் ஊருக்கே காட்டினார். ஒரு ஸ்டிக்கர் கேட்க ஆளில்லை. மறு வருஷமே இந்திய வான்கலச் சட்டம் வந்துவிட்டது. ஆள் பறந்ததைப் பார்த்து மாலை போட்டார்களோ இல்லையோ, சட்டம் போட்டார்கள்.

மும்பை விமானி அமோல் யாதவ் அந்த வரிசையில் நூறு வருஷம் பிந்திப் போய் நின்றார். காந்திவலி அடுக்குமாடி மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டினார். 2011இல் விண்ணப்பம். நடுவில் விதியே மாறியது. 2016இல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்து நாடே வேடிக்கை பார்த்தது. பிரதமர், முதல்வர் வரை போய், 2017இல்தான் பதிவெண் கிடைத்தது. அதுவும் பதிவெண்தான், பறக்க அனுமதி அதற்கும் பிறகு. பதிவெண்ணில் பிரதமர் நரேந்திர மோடி, அன்றைய முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் இருவரின் எழுத்தையும் போட்டு நன்றி சொன்னார். நான் யார் எழுத்தைப் போடுவது? வேப்பந்தட்டைக்காரர் எழுத்தையா?

மச்சான் மகனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் சரி மாமா, வழியைச் சொல்லுங்க."

"முதல்ல, அதிகாரி பார்க்கிற இடத்துக்கு அதைக் கொண்டு போகணும்டா மாப்ள. நமக்குக் கிட்ட இருக்கிற ஏர்போர்ட் திருச்சி."

"பறந்து போயிடலாமே?"

"சர்டிபிகேட் இல்லாம எப்படிப் பறப்ப?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப உங்க குட்டி யானையில ஏத்திக்கலாம் மாமா."

"உன் சுழலி ஒரு பக்கமே 12 அடிக்கு மேல இருக்கும். என் தொட்டி 7 அடி. வெளிய நீட்டிக்கிட்டுப் போனா பாடாலூர்லயே மடக்கிக் கேஸ் போடுவான்."

"நுனியில செவப்புத் துணி கட்டிக்கலாம் மாமா. உங்ககிட்ட இல்லைன்னா, யார்கிட்டயாவது வாங்கித் தாங்க."