மீற்றர் அண்ணை

லண்டன் ஹரோவில் நாலு வயதுப் பிள்ளை இருக்கிற தமிழ் வீட்டுக்குக் கார்த்திகை மாதத்தில் போனால், தேத்தண்ணி வர முதல் மீற்றர் வரும். "எங்கட வாசல் கதவில இருந்து பள்ளிக்கூடக் கேற் 412 மீற்றர். போன வருசம் கடைசியா இடம் கிடைச்ச பிள்ளை 398." மீற்றர் அண்ணை ஒரு தனி ஆள் இல்லை. வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் வீதிக்கு ஒருவர் உண்டு. அவருடைய பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்ததும் பதவி அடுத்த வீட்டு அண்ணைக்குப் போய்விடும்.

மீற்றருக்குக் காரணம் உண்டு. அரச பள்ளிக்கூடத்தில் காசு கட்டத் தேவையில்லை, இடம் கிடைப்பதுதான் பாடு. ஜனவரி 15க்குள் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். லண்டனில் ஆறு பள்ளிக்கூடங்கள் வரை வரிசைப்படுத்தலாம். முடிவு ஏப்ரல் 16இல் வரும். சின்ன வகுப்பில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்பது சட்டம். அண்ணனோ அக்காவோ அங்கே படித்தால் முன்னுரிமை. அண்ணைக்கு மூத்ததே இந்தப் பிள்ளைதான், ஆகவே தூரத்தை நம்பித்தான் இருக்கிறார். கவுன்சில் நேர்கோட்டில் அளக்கும் என்று தெரிந்தும் இரண்டு தரம் நடந்து அளந்திருக்கிறார். இரண்டு தரமும் வேறு வேறு கணக்கு வந்ததில் மனுசனுக்கு ஒரு நம்பிக்கை.

மேடை கிடைத்தால் அண்ணை பெரும் சமத்துவவாதி. "எல்லா இனப் பிள்ளையளும் கலந்து இருக்கவேணும். அப்பதான் பிள்ளை உலகம் படிக்கும்." வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறப்பார். ஆங்கிலம் முதல்மொழியாக இல்லாத பிள்ளைகள் எத்தனை விழுக்காடு என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அரசாங்கமே வெளியிடுகிறது. எண்பதைக் கண்டால் முகம் சுருங்கும்: "பிறகு எங்கட பிள்ளைக்கு எப்பிடி இங்கிலீஷ் வரும்?" பத்தைக் கண்டால் இன்னும் சுருங்கும்: "பிள்ளை தனிச்சுப்போகுமே." அவருக்கு நாற்பது வேண்டும். அந்த நாற்பதிலும் ஒரு கணக்கு உண்டு. "எங்கட ஆக்கள் நாலு பேர் இருந்தாக் காணும். ஒரு டொக்டரின்ர பிள்ளை, ஒரு எக்கவுண்டன்ர பிள்ளை. மற்ற ரெண்டும் ஆரெண்டாலும் பரவாயில்லை."

அந்த எண்பதுக்குள் தன் மகளும் ஒருத்தி என்பதை அண்ணி ஞாபகப்படுத்தினார். அண்ணை யோசித்துவிட்டு, பிள்ளையின் முதல்மொழி ஆங்கிலம் என்று எழுதினால் பள்ளிக்கூடத்தின் கணக்குக் கொஞ்சம் இறங்கும் என்றார். அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து, "அம்மா, மூக்கு வழியுது" என்று முதல்மொழி கேட்டது.

பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் ஒஃப்ஸ்ரெட் 2024 செப்ரெம்பரில் ஒற்றைச்சொல் மதிப்பீட்டை நிறுத்தியபோது, அண்ணை சொந்தத்தில் ஒரு சாவு விழுந்த மாதிரி ஆகிவிட்டார். அதுவரை 'அதிசிறப்பு' என்ற சொல்லைத் தேடினால் போதும். இப்போது அறிக்கையை வாசிக்க வேண்டியிருக்கிறது. முழுதாக வாசித்துவிட்டு, "இப்ப இது நல்லதோ கூடாதோ, அதைச் சொல்லேல்லையே" என்கிறார்.

பிறகு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் கண் விழுந்தது. கூடுதல் படிவம் ஒன்றில் பங்குத்தந்தை கையெழுத்து வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை கோவில், ஞாயிற்றுக்கிழமை பூசை என்று கால அட்டவணையே போட்டுவிட்டார். "ஆறுமுக நாவலரே வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்திலதானே படிச்சவர்?"

"ஓம். பிறகு 1848இல வண்ணார்பண்ணையில சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினவர். நீங்கள் என்ன தொடங்கப் போறியள்?" என்று அண்ணி கேட்டார். "ஹரோவிலயே 2008இல இருந்து அரச காசில இந்துப் பள்ளிக்கூடம் நடக்குது. அதுக்குப் போடுங்கோவன்."

"அங்க முழுக்க எங்கட ஆக்களாத்தான் இருப்பினம்."

"குஜராத்தியள் எப்ப எங்கட ஆக்கள் ஆனவை?"

அண்ணையிடம் பதில் இல்லை. இந்த விசாரணையெல்லாம் நாலு வயதுக்கு மட்டும் என்று நினைக்கக்கூடாது. அவருடைய மனதில் பிள்ளை ஏற்கெனவே பதினொரு வயதுச் சோதனை எழுதி பார்னெற் பக்கத்துக் கிராமர் பள்ளிக்கூடம் ஒன்றில் சீருடை போட்டு நிற்கிறது. ரியூசன் ரீச்சரையும் விசாரித்துவிட்டார். பிள்ளைக்கு இன்னும் சப்பாத்து இடம் வலம் மாறுகிறது.

கள ஆய்வு மிச்சம் இருந்தது. ஒருநாள் பின்னேரம், தன் வரிசையில் இருந்த ஒரு பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கேற் அருகே நின்று, ருமேனியப் பிள்ளை, சோமாலிப் பிள்ளை, போலந்துப் பிள்ளை என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். எதிர்ப் பக்க நடைபாதையில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு தகப்பனும் உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் இருவரும் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

இரவு சாப்பாட்டில் அண்ணைக்குப் புட்டு இறங்கவில்லை. "அவன் என்னையும் எண்ணியிருப்பானோ?"

"எண்ணியிருப்பான்."

"எந்தக் கணக்கில?"

"கூடிப்போச்சு எண்ட கணக்கில."

அண்ணை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழும்பிக் கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்து, வரிசையில் ஐந்தாவதாக இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தை முதலாவதாக ஏற்றினார்.

"அப்ப அவன் இதுக்குப் போடமாட்டான். ஒரு இடம் மிச்சம்."